வியாழக்கிழமை கான்கிரீட்

காட்பாடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்ன அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஊசி வேண்டாம் என்று பிடிவாதம். ஆரணிக்காரர்கள் விஷயம் ஒரு வழியாக முடிந்தது. நேரில் சொல்கிறேன்.

போனில் பேசலாம் என்றால் நீ "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அப்படி வைத்து இன்றோடு 17 நாள். அதனால்தான் பேப்பரில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் போடாதே. கார் ஷெட்டைப் பற்றிக் கேட்க வேண்டியது இருக்கிறது. வியாழக்கிழமை மேல்தளம் கான்கிரீட் போடுகிறார்கள், அதற்குள் தெரிய வேண்டும்.

சுவர் பன்னிரண்டரை அடி வந்துவிட்டது. மேஸ்திரி பத்தடியில் நிறுத்தப் பார்த்தார். கார் நிற்கிற இடத்துக்கு எதுக்கு டீச்சரம்மா இவ்வளவு உயரம், கல்யாண மண்டபமா கட்டறோம் என்றார். உன் படத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். லிஃப்ட் காரை ஆறடி தூக்கும், அப்பாவின் ஹெரால்டு கார் உயரம் 4 அடி 4 அங்குலம், அங்கேயே பத்தடி தாண்டிவிட்டது. நாளைக்கு இதைவிட உயரமான வண்டி வந்தால் என்ன செய்வது? அதற்கு மேல் அவர் பேசவில்லை. இப்போது அவரே தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "இது லிஃப்ட் வைக்கிற ஷெட்டு, இவங்க பொண்ணு போட்ட பிளான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். டீ கொடுக்கிற சாக்கில் நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.

தரைமட்டத்தை ரோட்டைவிட ஓரடி உயர்த்தியிருக்கிறேன். 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தைப் பார்த்த பிறகு யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை. காரை ஏற்றச் சரிவு ஒன்று கட்டினால் போகிறது.

தரை இன்னும் போடவில்லை. சென்ட்ரிங் பிரித்த பிறகுதான். அதற்கும் ஒரு சண்டை காத்திருக்கிறது. லிஃப்ட் நிற்கிற இடத்தில் கம்பி கட்டி ஆறங்குலம் என்று நீ எழுதியிருக்கிறாய். அவர் நாலங்குலம் தாராளம் என்கிறார். சும்மா கார் நிற்க நாலு போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ரெண்டு தூண் லிஃப்ட் தரையில் இறக்குகிற ஆங்கர் போல்ட்டை நம்பித்தானே நிற்கிறது. நீ அடியில் நிற்கும்போது அந்த போல்ட்டைப் பிடித்துக்கொள்ளக் கீழே கனம் வேண்டாமா? ஆறுதான் என்று சொல்லிவிட்டேன். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, நன்றாகத் திமிசு போட்ட பிறகுதான் கம்பி. லிஃப்ட் இடம் மட்டம், அதைத் தாண்டி ஷட்டர் வரைக்கும் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது என் பொறுப்பு, காலையும் மாலையும் பார்த்துக்கொள்கிறேன். தரை போட்டதும் அவசரப்பட்டு லிஃப்டைக் கொண்டுவந்து இறக்காதே, 28 நாள் போகட்டும். எப்பாக்சி பெயின்ட்டும் அதன் பிறகுதான். அடிப்பதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பார். அடியில் ஈரம் கோத்திருந்தால் இன்னும் பொறு.

மூணு ஃபேஸ் லைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்ப்ரஸர் வெளியே, மாடிப்படிக்கு அடியில். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் தொந்தரவு என்று இப்போதே முகம் மாறுகிறது. அதை நான் பேசிக்கொள்கிறேன்.

இனி காற்று விஷயம். எத்தனை முறை எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. ஷட்டரை மூடிக்கொண்டு இன்ஜினை ஓட்டாதே. பாதி திறந்தால் போதும் என்றும் நினைக்காதே, முழுசாகத் திற. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று உனக்குப் பத்தாவதில் நான்தான் நடத்தினேன். முதலில் தலைவலி வரும், அசதியாக இருக்கும். வேலைக் களைப்பு என்று நினைத்து உட்கார்ந்துவிடுவோம். அதற்காகத்தான் எதிரெதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், தரையை ஒட்டிக் காற்று போக ஓட்டை வைத்த ரெண்டு ஜாலி எல்லாம் வைக்கச் சொன்னேன். கீழே எதுக்கு ஜாலி, பாம்பு வரும் என்றார் மேஸ்திரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும் என்றேன். கம்பி வலை அடித்துக்கொள்ளலாம். நீ முதலில் லிஃப்டுக்குப் பதில் காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டலாம் என்றபோது நான் ஒத்துக்கொள்ளாததும் இதனால்தான். அந்த ஆவி போய்க் குழியில் தேங்கி நிற்கும், ஒரு விளக்கு விழுந்து உடைந்தால் போதும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே, ஸ்டாண்டு வை. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? அங்கே புனே பக்கம் சாக்கனில் எத்தனை பையன்களுக்கு நீ சொல்லிக்கொடுக்கிறாய். ஆனால் அங்கே கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்கிறது. இங்கே ராத்திரி பத்து மணிக்கு நீ தனியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பாய், நான் தூங்கிப்போயிருப்பேன். ஷட்டரைத் திறந்து வை.

தனியாக என்று கை தானாக எழுதிவிட்டது. முதலில் நீ அனுப்பிய படத்தில் ரெண்டு கார் நின்றது. இப்போது அனுப்பியதில் ஒன்றுதான் நிற்கிறது. மேலே ஒரு ரூம், ஒட்டினாற்போலக் குளியலறை, ஓரமாக ஒரு சின்ன சமையல் மேடை, துணி வைக்க அலமாரி. காருக்கு எதுக்கும்மா குளியலறை என்று மேஸ்திரி கேட்டார். விருந்தாளிகள் வந்தால் தங்க என்று சொன்னேன். போன மாதம் வீடியோவில் பேசினாயே, உனக்குப் பின்னால் பச்சைச் சுவர் தெரிந்தது. உங்கள் வீட்டில் பச்சைச் சுவர் இல்லை. அதை நான் கேட்கவில்லை. ஆற்காடு போனபோது மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கினேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று புரியாமல் ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. சாப்பிடுகிறாயா ஒழுங்காக? வீடியோவில் கன்னம் ஒட்டியிருந்தது.

அப்புறம், கிழக்குச் சுவரில் நீ வரைந்திருக்கிற பலகை. அப்பாவின் ஸ்பேனர் ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்ட ஆணி குறித்து, 7/16, 1/2, 9/16 என்று கீழே எழுதி, கடைசியில் இடைவெளி அளக்கிற தகடு, அந்த ஃபீலர் கேஜுக்கு ஒரு சின்ன மாடம். எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாய். "பரண்ல இருக்கிற பெட்டிய இறக்கி அளவெடுத்து அனுப்பும்மா" என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். நானும் ஏணி இல்லை, ஆள் கிடைக்கவில்லை, எலித் தொல்லை என்று மூன்று முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னேன்.

பரணில் பெட்டி இல்லை பாப்பா.

அப்பா காரியம் முடிந்து நீங்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பின மறுநாள், காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிட்டேன். 38 கிலோ. கிலோ 26 ரூபாய் என்று 988 ரூபாய் கையில் கொடுத்தார். ராணிப்பேட்டை பெல்லில் ஃபிட்டராக இருந்த அத்தனை வருஷமும் மாதம் ஒன்று, ரெண்டு மாதத்துக்கு ஒன்று என்று சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அவர் தேடிச் சேர்த்தது. காரையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். ஆர்.சி. புத்தகம் வேண்டும் என்றார். அப்பா அதை எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கார் இன்றைக்கு இருக்கிறது. "அம்மாதான் அப்பா காரைக் காப்பாத்தி வெச்சிருக்காங்க" என்று நீ சின்ன அத்தையிடம் சொன்னாயாம். நான் காப்பாற்றவில்லை. தார்ப்பாய் போட்டு மூடியதுகூட அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான்.

அவ்வளவு கோபம் எனக்கு. அந்த இரும்பு எல்லாவற்றின் மேலும் கோபம். அன்றைக்கு அக்னி நட்சத்திர வெயில். அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில், காற்று நுழைய ஒரு ஓட்டை இல்லாத இடத்தில், காலையிலிருந்து வேலை செய்திருக்கிறார். மூன்று மணிக்கு உள்ளே வந்து, கேஸ் மாதிரி இருக்கு, சோடா இருக்கா என்றார். கையில் அந்த அரை அங்குல ஸ்பேனர். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. சோடாவைக் குடித்துவிட்டு, ஒரே ஒரு போல்ட்தான், இறுக்கிட்டு வந்துடறேன் என்றார். நான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

உன்னிடம் நான் சொன்னது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியவே இல்லை என்று. அது பொய். வந்தார், சொன்னார், நான் போக விட்டேன். ஊருக்கெல்லாம் அறிவியல் நடத்தியவளுக்கு அந்த வியர்வை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

2011-லேயே அவர் கேட்டார். உயரமாக ஒரு ஷெட், ரெண்டு ஜன்னல் வைத்து. 80,000 ரூபாய் ஆகும் என்று நோட்டில் கணக்கு எழுதிக் காட்டினார். பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டிய வீட்டில் காருக்கு மாளிகையா என்று கேட்டேன். மறுபடி அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பணம் உனக்கு நகையாக வந்தது. நீ நகை கேட்கவே இல்லை. நாலு பேர் முன்னால் குறையாகத் தெரியக்கூடாது என்று நான்தான் அடம் பிடித்தேன். நீ இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் என்றாய், அப்பாவும் அதையே சொன்னார், நான் கேட்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது ராத்திரியெல்லாம் தோன்றுகிறது.

போன மாதம் காலை ரயிலைப் பிடித்துப் புதுப்பேட்டை போனேன். உன்னிடம் சொல்லவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினேன். இன்ச் சைஸ் இப்ப யாரும்மா கேக்கறாங்க, எல்லாம் மில்லிமீட்டர்தான் என்றார்கள். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், 13 போட்டால் சுற்றிக்கொண்டு மூலை மழுங்கிவிடும் என்று அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உட்காருங்கம்மா என்று சாக்குப் பையைக் கொட்டித் தேடினார். மூன்று கிடைத்தன. 7/16-ம் 1/2-ம் சேர்ந்தது ஒன்று, அதில் அரை அங்குலப் பக்கம் லேசாக விரிந்திருக்கிற மாதிரி தெரிகிறது. 9/16 ரெண்டு. உபயோகப்படுமா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். ஃபீலர் கேஜ் புதிதாகவே கிடைக்கிறதாம், ஆனால் வாங்கவில்லை. ஒன்பது வயதில் நீ அந்தத் தகட்டைக் காரின் இக்னிஷன் பாயின்ட்டுக்கு நடுவில் விட்டு, "பதினஞ்சு தௌ சரியா போகுதுப்பா" என்று கத்துவது அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தப் பழைய கேஜையும் எடையில் போட்டேன். புதிதாக ஒன்று வாங்கி அந்த மாடத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

பலகையை நீ வரைந்தபடியே அடிக்கச் சொல்கிறேன். காலியாக இருக்கிற இடம் காலியாக இருக்கட்டும். வாங்கி மாட்டுவாயோ, என்னைத் திட்டிவிட்டுப் பிடுங்கிப் போடுவாயோ, உன் இஷ்டம்.

வியாழக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். மேல் ரூமில் குளியலறை வருவதாக இருந்தால், கான்கிரீட் போடும்போதே அந்த இடத்தை மட்டும் முக்காலடி இறக்கிப் போட வேண்டும். சங்கன் என்கிறார்கள். பின் மூலையில் வருவதால் லிஃப்டுக்கு இடிக்காது, அளந்து பார்த்துவிட்டேன். எப்போதாவது வருகிற விருந்தாளிக்கு என்றால் வீட்டுக் குளியலறையே போதும், செலவு மிச்சம் என்கிறார் மேஸ்திரி. ஒருத்தர் அங்கேயே இருப்பதானால்தான் வேண்டுமாம். எது என்று உன்னைக் கேட்டுச் சொல்வதாக அவரிடம் சொன்னேன்.

எழுத உட்கார்ந்தபோதும் கேட்பதாகத்தான் இருந்தேன். வேண்டாம். நீ எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். நாளைக் காலையில் அவர் வந்ததும் சங்கன் விடச் சொல்லிவிடுகிறேன். தொட்டியும் 500 லிட்டர் வேண்டாம், 1,000 லிட்டர் வைக்கச் சொல்கிறேன்.

பெட்டிக்காக என்னைத் திட்ட வேண்டும் என்றால் போனிலேயே திட்டு. ராத்திரி எந்நேரமானாலும் எடுக்கிறேன்.

அம்மா