வேலை முடிந்த பிறகும் எதற்குக் கண்காணிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் ஒரு விநியோகஸ்தரிடம் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். பிஸ்கட், சோப்பு லைன். சேர்ந்த அன்றே என் சொந்த போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார்கள். காலையில் முதல் கடை வாசலில் செல்ஃபி எடுத்து அனுப்பினால்தான் வருகைப் பதிவு. அப்புறம் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நின்றேன், எங்கே டீ குடித்தேன் எல்லாம் சூப்பர்வைசர் போனில் தெரியும்.

ஏற்காடு லைன்தான் கஷ்டம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். நாகலூர் பக்கம் போனால் சுத்தமாக இருக்காது. பில்லில் கடைக்காரர் கையெழுத்து இருந்தும், ஆப்பில் புள்ளி நகரவில்லை என்று அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்கள்.

சரி, வேலை நேரத்தில் எங்கே இருக்கிறாய் என்று கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. பெட்ரோல் காசு கொடுப்பவர் அவர். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். மறுநாள் சூப்பர்வைசர், “நேத்து ஜிஎச்ல ரொம்ப நேரம் இருந்திருக்கீங்களே, யாருக்கு என்ன?” என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என் அம்மாவிடம்கூட அப்போது சொல்லாத விஷயம் அது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான காரணங்களுக்காக ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே அவரது தகவலைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. ஒப்புதல் கேட்டாலும்தான் என்ன? மறுத்தால் வேலை இருக்காது.

இந்தக் கண்காணிப்புக்கு வரம்பு வைப்பது தமிழக அரசால் முடியாத காரியமல்ல. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியதும் தமிழக அரசுதான். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு சேர்க்கட்டும். வேலை நேரம் முடிந்ததும் இருப்பிடப் பதிவு தானாக நிற்க வேண்டும். என்ன பதிவாகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று தமிழில் எழுதித் தர வேண்டும். முக்கியமாக, ஆப்பை மட்டும் காட்டிச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எங்கள் தரப்பையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

– ஒரு விற்பனைப் பிரதிநிதி,
அம்மாப்பேட்டை, சேலம்.