18 வயதுக்குப் பின் பூட்டப்படும் லயன் கதவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனை அண்டிய பகுதியில், அறிவுசார் குறைபாடுடைய வளர்ந்தவர்களுக்கான பகல்நேர நிலையமொன்றில் 9 ஆண்டுகளாக ஆதரவுப் பணியாளராக வேலை செய்கிறேன். இவர்களுடைய பகற்பொழுதுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைத் தங்கள் பத்திரிகையின் ஊடாகத் தோட்ட நிர்வாகங்களிடமும் சமூக சேவைத் துறையினரிடமும் எமது மலையகப் பிரதிநிதிகளிடமும் முன்வைக்கிறேன்.

கைக்குழந்தையுள்ள தாய் காலையில் பிள்ளையைத் தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத் தேயிலை மலைக்குப் போகலாம்; அங்கே பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஒருவர் இருக்கிறார். பிறகு பாடசாலை, சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகும் உண்டு. அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதனால்தான் 30 வயது மகனை லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் இருக்கிறார்கள். அடுப்பையும் மழைக்காலத்து ஓடையையும் ரயில் பாதையையும் நினைத்துத்தான் பூட்டுகிறார்கள். அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், விழுந்தாலே அடுப்பெரியச் சிரமப்படும் வீட்டில் வேறு என்ன செய்ய முடியும்? நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

அப்படியொரு வீட்டிலிருந்து எங்களிடம் வந்தவருக்கு அப்போது 32 வயது. தேநீரைக் கையில் கொடுத்தால்தான் குடிப்பார். கோப்பையின் உட்புறத்தில் சிவப்புக் கோடொன்று வரைந்து, சுடுதண்ணீர் அதுவரை வரலாம் என்று காட்டினோம். சீனிக் கரண்டியை எடுக்க அவர் தயங்கும்போது, நாங்கள் கை நீட்டாமல் காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் மிகக் கடினமானது அதுதான். நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை, தனக்கொன்றும் எனக்கொன்றுமாக இரண்டு கோப்பை ஊற்றி வைத்தார். எனக்குச் சீனி குறைவு என்பதை எப்போது கவனித்திருந்தாரோ, என் கோப்பையில் அரைக் கரண்டிதான் போட்டிருந்தார். இன்று வீட்டைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருகிறவர் அவரே.

ஆனாலும் கடைக்குப் போனால், அவர் முன்னால் நிற்கும்போதே "தம்பிக்கு என்ன வேணும், மிஸ்?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். ஓர் அரச அலுவலகத்திலும் அதே அனுபவம். அவரிடமே கேளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருப்பது வேதனையாக இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இலேயே வந்தது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரை, ஏனையோருக்குச் சமமாகச் சமூகத்துக்குள் வாழும் உரிமையையும் அதற்கான ஆதரவுச் சேவைகளையும் பேசுகிறது. அந்த ஆதரவைக் கொடுக்கும் ஆள் யார், அவருக்கு எங்கே எந்த மொழியில் பயிற்சி கிடைக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் விடையில்லை. வெளிநாடு செல்லும் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் இருக்கின்றன. நாங்களோ பட்டுத் தெரிந்துகொள்கிறோம். அறிவுசார் குறைபாடுடையோரிடையே வலிப்பு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்க வேண்டும், 5 நிமிடத்தைக் கடந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையே ஒரு தாதி தனிப்பட்ட முறையில் சொல்லித்தந்துதான் அறிந்தேன்.

பிள்ளை மடுவத்துக்கு ஆள் நியமிப்பதைப் போல, தேவையுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கான பகல்நேர நிலையத்துக்கும் சம்பளத்தோடு ஆட்களை நியமிக்க வேண்டும். அவர்களுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுடன் கூடிய பயிற்சியைத் தமிழில் வழங்க வேண்டும். ஆனால் அந்த நிலையங்கள் இன்னொரு பிள்ளை மடுவமாகிவிடக்கூடாது. அங்கே என்ன வேலை பழகுவது, எப்போது தேநீர் குடிப்பது என்பவற்றை அங்கு வருகிறவர்களே தீர்மானிக்க வேண்டும். திட்டமிடும் கூட்டங்களுக்கு அவர்களையும் அவர்களுடைய தாய்மாரையும் அழைக்க வேண்டும். அக்கூட்டங்கள் ஒரு நாள் பேரை இழக்கச் செய்யாத நேரத்தில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதரவுப் பணியாளர் ஒருவர்,
ஹட்டன்.