கோடியக்கரைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அக்டோபர் முழுக்கக் கோடியக்கரையில், பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் போட்டு விடும் குழுவோடு இருக்கப் போகிறாய் என்று தெரிந்தது. அங்கே போகிறவர்கள் பூநாரையையும் உள்ளானையும்தான் தேடுவார்கள். நீ கேட்டிருப்பது காட்டுக்குள் இறங்கும் சின்னக் குருவிகளைப் பற்றி, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும் குருவிக்கு நிலம் அங்கே முடிந்துபோகிறது. தெற்கே பாக் நீரிணை. விடியும்போது கீழே தெரிகிற பாலை மரக்காட்டில் இறங்கி இரை தேடும், ஓய்வெடுக்கும். ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், அரசவால் ஈபிடிப்பான், நாணல் கதிர்குருவி எல்லாம் வலையில் வருவது அதனால்தான். முதல் இரண்டு மணி நேரம்தான் மும்முரமாக இருக்கும். ஐந்தரைக்கு வலை விரிந்திருக்க வேண்டும். ஒன்பது, ஒன்பதரைக்கு வெயில் ஏறியதும் சுருட்டிவிட வேண்டும். மாலையில் விரித்தால் இருட்டுவதற்குள் சுருட்டிக் கட்டு. இல்லாவிட்டால் வௌவால் மாட்டும். அதன் பல்லோடு மல்லுக்கு நிற்க வேண்டி வரும்.

குருவியின் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் வலைதான் மிஸ்ட் வலை. பொதுவாக 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம், குறுக்குக் கயிறுகளால் பிரித்த நான்கு தட்டு. வலை நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு. தட்டுக் கயிறுதான் விறைப்பாக நிற்க வேண்டும். வலை தளர்ந்து மடியாகத் தொங்க வேண்டும். மடி இல்லாவிட்டால் குருவி பட்டுத் தெறித்துப் போய்விடும். கடற்காற்று வலையைக் கப்பல் பாயாக உப்பவைத்தாலும் அதே கதைதான், அதனால் மரநிழலில் காற்று மறைந்த சந்து பார். பக்கத்தில் சீமைக் கருவேலம் இருந்தால் முந்தின நாளே முள்ளை வெட்டிவிடு. அடித்தட்டு தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே இருக்கட்டும். கீரி, நரி, செம்போத்து மூன்றுக்கும் வலை இருக்கும் இடம் இரண்டே நாளில் பழகிவிடும். கட்டெறும்புப் புற்றுக்கு அருகே கழி நடாதே.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வலையைச் சுற்றி வா. வெயில் ஏற ஏற இன்னும் அடிக்கடி. தூறல் விழுந்தாலே சுருட்டு. நனைந்த குருவி சீக்கிரம் குளிர்ந்துபோகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேலை செய்ய முடிகிற காலைகள் குறைவுதான். அதற்காக மழையில் ஒரு சுற்று கூடப் பார்த்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

குருவியை வலையிலிருந்து எடுக்கும்போது முதலில் அது எந்தப் பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது என்று பார். விழுந்த பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மடியை விரித்து, காலை விடுவி, பிறகு ஒரு சிறகு, மறு சிறகு, கடைசியில் தலை. குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல வலையைத்தான் உரிக்க வேண்டும், குருவியை இழுக்கக் கூடாது. குருவியின் நாக்கின் பின்பகுதியில் பின்னோக்கிய சின்ன முட்கள் உண்டு. அதற்குப் பின்னால் நூல் போய்விட்டால், மழுங்கிய பல்குச்சியால் நூலை முன்னே தள்ளு. ஒன்றிரண்டு நிமிடத்தில் வரவில்லையென்றால் மூத்தவர்களைக் கூப்பிடு. அவர்களுக்கும் வராவிட்டால் கத்தரிக்கோலால் ஒரு நூலை வெட்டலாம். வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

கையில் பிடிக்கும்போது முதுகு உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில். நெஞ்சை அழுத்தவே கூடாது. குருவிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கித்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் செத்துவிடும்.

ஒரு துணிப்பைக்கு ஒரு குருவி. கீச்சான் கடித்தால் தோல் கிழியும். பையின் ஓரத்தை வாயில் கொடு, பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். வால் நீண்ட அரசவால் ஈபிடிப்பானை நீளப் பையில் வை, இல்லாவிட்டால் வால் மடங்கிவிடும்.

வளையத்தை முதலில் போடு, மற்றதெல்லாம் அப்புறம். நடுவில் கை நழுவினாலும் எண் பதிவாகியிருக்கும். கால் அளவியில் பார்த்து அளவு எடு. குறட்டால் மூடியபின் இரண்டு முனையும் நூலிழை இடைவெளிகூட இல்லாமல் சேர வேண்டும். இடைவெளி இருந்தால் நாரும் புல்லும் சிக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் கால் நசுங்கும். வளையம் மேலும் கீழும் நகர வேண்டும், சுழல வேண்டும். ஏறிவிட்டால் நெம்பாதே. மெல்லிய கம்பி இரண்டை உள்ளே கோத்து எதிரெதிராக இழுத்துத் திறப்பார்கள். அதை மூத்தவர்கள் செய்யட்டும். எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, எழுதுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 1-ஐயும் 7-ஐயும் மாற்றி எழுதிவிட்டால் அந்தக் குருவி ஏடுகளில் இன்னொரு குருவியாகிவிடும்.

பிறகு இறக்கை நீளம், எடை, கொழுப்பு. தொண்டைக் குழியில் மெல்ல ஊதினால் இறகு விலகிக் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். அதன் அளவுக்கு 0 முதல் 8 வரை மதிப்பெண். இதை அவசரத்தில் செய்யாதே. மூன்று நாள் கழித்து அதே குருவி மறுபடி வலையில் விழுந்தால் முன்பு எழுதிய எடைதான் பேசும். அது அந்தக் காட்டில் இரை தேடித் தேறியதா, கடலைத் தாண்ட முடியாமல் மெலிந்ததா என்று புதுக்குருவி நூறு பிடித்தாலும் தெரியாது. அதனால் வளையத்தோடு வருவதை "ஏற்கெனவே போட்டதுதானே" என்று விட்டுவிடாதே.

நாணல் கதிர்குருவிகளைப் பிரித்தறிவதில் எல்லாரும் தடுமாறுவார்கள். இறக்கையில் வெளியிலிருந்து எண்ணி மூன்றாவது, நான்காவது பெரிய இறகின் ஓரம் குறுகியிருக்கிறதா என்று பார். அக்டோபரில் இறகு தேய்ந்திருந்தால் பெரும்பாலும் முதிர்ந்தது, புத்தம் புதிதாக இருந்தால் இந்த ஆண்டுக் குஞ்சு.

குருவி கண்ணை மூடிக்கொண்டு இறகைச் சிலுப்பி உட்கார்ந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அளவெல்லாம் வேண்டாம். நிழலில் விட்டுவிடு. ஆறுமணிக்குருவியைத் தூக்கிப் பறக்கவிடாதே. புதருக்குள் தரையில் வைத்தால் அதுவாக நடந்து போகும்.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். அம்மா எடுத்து வைத்திருக்கும் சட்டையில் முன்னால் ஏழு பொத்தான். அதை அங்கே போட்டுக்கொள்ளாதே, வலை முதலில் பொத்தானில்தான் மாட்டும்.

அன்புடன்,
அப்பா