மணியின் கண்ணும் உன் கட்டிலும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயலுக்கு,

மணியை ஹெப்பாள் கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தோம். போனில் சொன்னால் பாதியில் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்.

நான்கு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததுமே வண்டியை விரட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் தர்மபுரிக்காரர், வீட்டில் நாய் வளர்ப்பவர், ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். மணியின் உடம்பு என் மடியில், தலை அப்பா மடியில். மேம்பாலத்தில் ஏறியதும் மூக்கை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தான். காலேஜ் 1958-இல் ஆரம்பித்ததாம். அப்பா போய் இறங்கிய ஐந்து நிமிஷத்தில் வழக்கம்போல விசாரித்துத் தெரிந்துகொண்டுவிட்டார்.

சின்ன வயது டாக்டர். கன்னடத்தில் ஆரம்பித்தார், அப்பாவின் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். ஒரு சின்னக் காகிதப் பட்டையை மணியின் கீழ் இமைக்குள் மடித்துச் செருகிவிட்டு, வாட்சைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி காகிதத்தில் கண்ணீர் மெல்ல ஏறியது. 15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நல்லதாம், மணிக்கு 18. அடுத்தது ஆரஞ்சு நிறப் பட்டை. அதன் சாயத்தைக் கண்ணில் பட வைத்து, நீல விளக்கு அடித்துப் பார்த்தார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக மின்னுமாம். மின்னவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் மணியின் மூக்கு நுனியில் பச்சைத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அப்பா பதறிப்போய், "சார், மூக்கு! மூக்கு!" என்று கத்தினார். கண்ணீர்க் குழாயில் அடைப்பில்லை, சாயம் கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்று டாக்டர் சிரித்தார். அமெரிக்காவில் நாய்க்கண் ஆராய்ச்சி செய்கிற உனக்கு இதெல்லாம் தினப்படி வேலை. எனக்கு அன்றைக்குத்தான் நீ அங்கே நாள் முழுக்க என்ன செய்கிறாய் என்று கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் பக் நாயோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, கண் சிவந்திருக்கிறதே என்று, நான்கு நாள் விட்டிருக்கிறாள். உள்ளே இருந்தது புண். அதன் மேல் ஸ்டீராய்டு பட்டால் கருவிழியே கரைந்து ஓட்டை விழுந்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பெண் அழுதுவிட்டாள். பாவம், யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? நானும் வீட்டுக்கு வந்து அலமாரியில் கிடந்த பழைய சொட்டு பாட்டில்களையெல்லாம் தூக்கிப் போட்டேன்.

சரி, மணி விஷயம். நீ போனில் சந்தேகப்பட்டதுதான், சர்க்கரையால் வந்த புரை. லென்ஸுக்குள் போகிற அதிகச் சர்க்கரை வேறு மாதிரிச் சர்க்கரையாக மாறி, வெளியே போக முடியாமல் தங்கிவிடுகிறது, அது தண்ணீரை இழுக்கிறது, ஊறப்போட்ட உளுந்து மாதிரி லென்ஸ் உப்பி வெளுத்துவிடுகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். என் புரை முற்ற ஆறு வருஷம் ஆனது. மணிக்கு ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஆபரேஷனும் எனக்குச் செய்ததேதான், உள்ளே உடைத்து உறிஞ்சி எடுப்பது. லென்ஸ் மட்டும் வேறு. எனக்கு வைத்தது இருபத்தொன்றரை பவர், நாய்க்கு 41 வேண்டுமாம். அப்பா இதை அல்சூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏதோ மணி என்னை மார்க்கில் முந்திவிட்ட மாதிரி.

அதற்கு முன் விழித்திரை வேலை செய்கிறதா என்று ஒரு மின்சாரப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது சரியாக இருந்தால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச்சு. நான் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பன்னிரண்டு வயது, மயக்க மருந்து, அப்புறம் வாரக்கணக்கில் கழுத்தில் கூடை மாட்டிக்கொண்டு வேளாவேளைக்குச் சொட்டு. ஆனால் விட்டாலும் சும்மா இருக்காதாம். புரை முற்றிக் கசிந்து கண்ணுக்குள் வீக்கம் வரும், அழுத்தம் ஏறும், வலிக்கும் என்கிறார். எப்படியும் சொட்டு மருந்து உண்டு. அப்பா டெபாசிட்டை உடைக்கத் தயார். நீ டாக்டராகப் பதில் சொல்லாதே, மணிக்கு அக்காவாகச் சொல்.

போன மாதம் கல்யாணத்தில் நடந்ததை உனக்குச் சொல்லவில்லையே. முருகேசன் சித்தப்பா பந்தியில், பத்துப் பேர் நடுவில், "நம்ம கயல் அமெரிக்காவுல நாய்க்கண்ணுக்கு பி.எச்.டி. பண்ணுதாமே" என்று சிரித்தார். முன்பெல்லாம் யாராவது கேட்டால் 'கண் ஆராய்ச்சி' என்று மட்டும் சொல்லி, யார் கண் என்பதை விழுங்கிவிடுவேன். ஆமாம், அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

அன்றைக்கு விழுங்கவில்லை. பையிலிருந்து, கண் வறட்சிக்கு நான் விடுகிற சொட்டு மருந்தை எடுத்து இலை பக்கத்தில் வைத்தேன். அந்தப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் சைக்ளோஸ்போரின். இது கிட்னி மாற்றுகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து. உடம்பு தன் கண்ணீர்ச் சுரப்பியையே எதிரி என்று அடித்து நாய்களுக்குக் கண் வறண்டு போகிறது என்று கண்டு, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரெனி காஸ்வன் என்ற கால்நடைக் கண் டாக்டரம்மா இதை நாய்க்கண்ணில் விட்டுப் பார்த்தார். 1995-இல் நாய்களுக்கு அனுமதி வந்தது, மனிதர்களுக்கு வந்ததோ 2002-இல். இது இல்லாவிட்டால் உங்கள் பெண்டாட்டி போட்டிருக்கிற ரவிக்கைக்கு என்னால் கொக்கி வைத்திருக்க முடியாது என்றேன். சித்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். வருஷங்கள் சரிதானே? தப்பாக இருந்தால் அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அவர் விடவில்லை. "அதெல்லாம் எப்பவோ ஒண்ணு" என்றார். அப்போதுதான் உன் ஊர்க் கதையை எடுத்தேன். பிறவியிலேயே குருடாக இருந்த பிரியார் இன நாய்கள், ஒரு மரபணு வேலை செய்யவில்லை. வேலை செய்கிற மரபணுவை வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் ஊசியால் விட்டார்கள், பார்வை வந்தது. லான்சலாட் என்ற நாயின் பெயர் எனக்கு மனப்பாடம். 2001-இல் அது வெளியாகி, அதே மரபணுக் கோளாறுள்ள மனிதர்களுக்கு 2017 டிசம்பரில் மருந்து அனுமதியானது. பார்வை வந்த நாய்களில் இரண்டை அந்த ஆராய்ச்சி செய்த டாக்டர் தம்பதியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தார்கள் என்று நீ சொன்னாயே, அதைச் சொன்னதும் பந்தியே அமைதியாகிவிட்டது. விலையை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர் என்று விலை வைத்தார்கள் என்று சொன்னால் சித்தப்பா பக்கம் நியாயம் போய்விடும். எனக்கும் அது ஆறவே இல்லை கயல். நாய்க்குக் கொடுத்தது போக நம் ஊர் பிள்ளைக்கு எப்போது எட்டும் அது?

உனக்கு நான் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. என் அப்பா, உன் தாத்தா, சிவாஜிநகரில் ஜட்கா ஓட்டினது உனக்குத் தெரியும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ராணி என்ற குதிரையின் இடது கண் நீலம் பாய்ந்து நீர் வடிய ஆரம்பித்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால் வெள்ளை நூல் ஒன்று நெளிந்து நெளிந்து நீந்துகிறது. தையல் நூல் பருமன்தான், ஆனால் உயிரோடு. ஆயா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். தாத்தா மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார், நானும் வண்டியில். கயிறு கட்டிக் குதிரையைச் சாய்த்து, நான்கு பேர் மேலே அழுத்திக்கொள்ள, டாக்டர் கருவிழி ஓரத்தில் கத்தி முனையால் ஒரு குத்து. தண்ணீர் பீய்ச்சியது, அதோடு அந்த நூலும் வந்து விழுந்தது. தாத்தா அதை ஊசி மருந்து பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து மாடத்தில் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

போன வருஷம் நீ பேச்சுவாக்கில், மாட்டு வயிற்றுக்குள், குடலுக்கு வெளியே இருக்கும் புழு மாட்டை ஒன்றும் செய்யாது, அதன் குஞ்சை கொசு குதிரைக்குக் கொண்டுபோனால்தான் வழி தெரியாமல் கண்ணுக்குள் போய்விடும் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் லாயத்தை ஒட்டி பால்காரர் மாட்டுக்கொட்டகை, நடுவில் சாக்கடை. ஐம்பது வருஷம் கழித்து ராணியின் கண்ணுக்குக் காரணம் கிடைத்தது. பாவம், ஆயா எதிர்வீட்டுக்காரியைத்தான் கடைசி வரை சந்தேகப்பட்டாள்.

மணிக்கு இப்போது வீடு பழகிவிட்டது. அப்பா சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறார், சத்தம் வைத்து அவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். காலையில் எழுந்ததும் உன் அறைக்குப் போய், கட்டில் காலில் தோளை உரசிக்கொண்டு திரும்பி, அங்கிருந்து நேராக ஏழு அடி வைத்தால் தண்ணீர்க் கிண்ணம். தினமும் இதே வழிதான். போன வாரம் துடைப்பதற்காகக் கட்டிலை ஒரு முழம் தள்ளிவிட்டு மறந்துவிட்டேன். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தரையை மோந்துகொண்டே இருந்தான். பழைய இடத்திலேயே போட்டு, கால் வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அறையைக் காலி பண்ணி, கட்டிலைச் சித்தி பெண்ணுக்குக் கொடுத்துவிடு என்று நீ மூன்று தடவை சொல்லிவிட்டாய். சித்தியிடம் நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு, கட்டில் இப்போதைக்குக் கிடையாது.

அம்மா