சாய்கூரைகளின் மூட்டுகளுக்கும் வரைபடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிழற்குடைகள், ரயில் நடைமேடைகள், வாகன நிறுத்துமிடங்கள் என எங்கும், ஒற்றை வரிசைத் தூண்களிலிருந்து சாய்வாக முன்னே நீளும் இரும்புக் கூரைகள் பெருகிவருகின்றன. இவற்றின் ஒப்பந்தப்புள்ளி வரைபடங்களில் உத்திரத்தின் அளவும் தூணின் அளவும் துல்லியமாக இருக்க, இரண்டும் சேரும் மூட்டு மட்டும் ‘வெல்டிங்’ என்ற ஒரே சொல்லோடு பட்டறைக்காரரின் பொறுப்பில் விடப்படுவதைக் கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் அடிக்கடி காண்கிறேன். மறுமுனையில் தாங்கல் ஏதும் இல்லாத கேண்டிலீவர் உத்திரத்தில் அந்த மூட்டு போனால் உத்திரமே போயிற்று. சுமை வேறு வழியாகத் தரைக்கு இறங்க இடமில்லை.

சென்னைக்கு, கட்டடங்களின் மேல் வரும் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அது தரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. கூரை ஷீட்டும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினும் சேர்ந்த எடையோ சதுர மீட்டருக்குப் பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டாது. 5 மீட்டர் இடைவெளியில் அமைந்த, 4 மீட்டர் நீளமுள்ள உத்திரம் ஒன்றின் மேல் அந்த அழுத்தம் முழுமையாக மேல்நோக்கி வந்தால், விசை 3 டன். அது உத்திரத்தின் நடுவில், தூணிலிருந்து 2 மீட்டரில் செயல்படுவதாகக் கொண்டால், தூணருகே திருப்புத்திறன் (உத்திரத்தை வளைத்துத் திருப்பும் விளைவு) 6 டன்-மீட்டர். 30 செ.மீ. உயரமுள்ள மூட்டில் இது சுமார் 20 டன் இழுவிசையாக மாறி, உத்திரத்தைத் தூணோடு பிணைக்கும் கீழ்வரிசை போல்ட்டுகளின் மேல் விழுகிறது. கூரையின் எடை இழுப்பதோ மேல்வரிசையை. அதை மட்டும் மனத்தில் வைத்து மேலே நான்கு போல்ட்டும் கீழே பேருக்கு இரண்டும் போடும் வழக்கம் அபாயமாவது இதனால்தான்.

சாய்வு மேலும் சிக்கலைக் கூட்டுகிறது. முனை உயர்ந்த உத்திரத்தில் எடையின் ஒரு கூறு தூணை நோக்கி அழுத்தும். முனை தாழ்ந்ததில் அதே கூறு மூட்டைப் பிய்க்கப் பார்க்கும். சாய்ந்து வரும் உத்திரத்தின் ஃபிளாஞ்ச் (மேல், கீழ் பட்டைத் தகடு) தூணைத் தொடும் இடத்துக்கு நேராகத் தூணுக்குள், அதை வளையாமல் தாங்கும் ஸ்டிஃப்னர் தகடு அமைய வேண்டும். நேர் உத்திரத்துக்கான அளவிலேயே குறித்துப் பற்றவைத்தால் அது இடம் தள்ளிப்போய், தூணின் ஃபிளாஞ்ச் துணையின்றி வளைகிறது. உத்திரத்தின் தூண் பக்க நுனியில் பற்றவைத்து, தூணோடு போல்ட்டால் இணைக்கும் முனைத் தகடு மெல்லியதாக இருந்தால் அது வளைந்து நெம்பி, போல்ட்டின் மேல் கூடுதல் இழுவிசையை ஏற்றும். இரும்புக் கட்டமைப்புகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 800:2007 இந்த நெம்புவிசையைக் கணக்கில் சேர்க்கச் சொன்னாலும், நிழற்குடை போன்ற ‘சின்ன வேலை’களில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. முனை உயர்ந்த கூரைகளில் மழைநீர் தூணை நோக்கியே வடிவதால், துரு முதலில் பிடிப்பதும் இந்த மூட்டைத்தான்.

ஆகவே உள்ளாட்சி அமைப்புகள், போல்ட்டின் தரமும் எண்ணிக்கையும், தகட்டின் கனம், வெல்டிங்கின் அளவு ஆகியவை குறிக்கப்பட்ட மூட்டு வரைபடத்தையும், காற்று மேலே தூக்கும் நிலைக்கான கணக்கையும் பெற்ற பிறகே பணி ஆணை வழங்க வேண்டும். ஏற்கெனவே நிற்கும் கூரைகளில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏணி வைத்து ஏறி மூட்டுகளைப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
சென்னை