எட்டுக் கிண்ணித் துவையல்

காரைக்குடி,
ஐப்பசி, அடைமழை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற விடாதே. அவர்கள் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லி வை. பையன் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணுவதே இல்லை என்று புலம்பியிருக்கிறாய். நாம் ஹாஸ்டலில் இருந்தபோது வீட்டுக்கு எத்தனை கடிதம் போட்டோம் என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

இங்கே என் பாட்டைக் கேள். 43 வயதில் எம்.ஏ. சைக்காலஜி சேர்ந்தேன் அல்லவா, மனசைப் பற்றிப் படிக்கலாம் என்று போனால் முதல் செமஸ்டரிலேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு பேப்பரைத் தலையில் கட்டிவிட்டார்கள். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் வரைக்கும் எப்படியோ தள்ளிவிட்டேன். ஹைப்பாதிஸிஸ் டெஸ்டிங் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. தமிழ்ப் புத்தகத்தில் 'இன்மைக் கருதுகோள்', வகுப்பில் 'நல் ஹைப்பாதிஸிஸ்'. 'நல்' என்று காதில் விழுந்ததும், நாம் நிரூபிக்க விரும்பும் நல்ல விஷயம் போல என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்மாறு. 'வித்தியாசமே கிடையாது, எல்லாம் தற்செயல்' என்று அடம்பிடிக்கிற கட்சிதான் அது. அந்தக் கட்சி சொல்வதை நம்ப முடியாத அளவுக்குக் கையில் ஆதாரம் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உள்தேர்வில் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் 'ஆகவே இன்மைக் கருதுகோள் உண்மை என நிரூபிக்கப்பட்டது' என்று எழுதினேன். சிவப்பு மையில் ஒரு கோடு, 2 மதிப்பெண் போச்சு. 'மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்று எழுத வேண்டுமாம். இரண்டும் ஒன்றுதானே, வார்த்தைக்கா மார்க்கு என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தேன். அது வெறும் வார்த்தை இல்லை என்று புரிய வைத்தது பள்ளத்தூர் ஆயா, நம்ம பாட்டிதான்.

பாடத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞரின் கதை ஒன்று வரும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்று ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்கே மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மா, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். அதிலிருந்து பிறந்ததுதான் 8 கோப்பைச் சோதனை. ஃபிஷர் 1935-இல் எழுதிய புத்தகத்தில் அதை விளக்குகிறார். ஆனால் அந்த அம்மா சரியாகச் சொன்னாரா இல்லையா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார், மனுஷன்! (சராசரிகளை ஒப்பிட டி டெஸ்ட் என்று ஒரு சோதனை உண்டு. டி என்றால் இந்த டீயைத்தான் சொல்கிறார்கள் என்று நான் நம்பியிருந்ததையும் உன்னிடம் மறைப்பானேன். அது கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் எழுதியது. டீ இல்லையடி, பீர்!)

ஆயாவைத்தான் உனக்குத் தெரியுமே. மிக்ஸியில் அரைத்த மிளகாய்த் துவையலை வாயில் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவர்களுடைய 30 வருஷத்துப் பேச்சு. "மிக்ஸிச் சூட்டுல வாசமே போயிரும் ஆத்தா." சரி, பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாக அளந்து, சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அம்மியில் அரைத்தேன். மறுபாதி மிக்ஸியில், அதே கொரகொரப்புக்கு. 4 கிண்ணி இது, 4 கிண்ணி அது. எட்டுத் துண்டுச் சீட்டைக் கொட்டானில் போட்டுக் குலுக்கி வரிசை எடுத்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஆயாவுக்குப் பார்வை என்னைவிடத் தெளிவு, அதனால் கண்ணைத் துண்டால் கட்டியாயிற்று. வளவில் ஆத்தங்குடிக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, வெள்ளைப் பணியாரத்தை ஒவ்வொரு கிண்ணியாகத் தொட்டுத் தொட்டு ராணி மாதிரி வாயில் வாங்கிக்கொண்டார்கள். "மூணாவதைத் திரும்பக் குடு" என்று அதட்டல் வேறு.

அம்மி என்று ஆயா எடுத்துக் காட்டிய நாலு கிண்ணிகளில் மூன்று சரி. ஒன்று மிக்ஸி.

எனக்கு ஒரே பெருமை, முக்கால்வாசி சரி அல்லவா! காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. நாலும் சரியாக வருவது அதில் ஒரே ஒரு வழி. மூன்று சரி, ஒன்று தப்பு என்பது 16 வழி. ஆக, வித்தியாசமே தெரியாத ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும், மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70-க்கு 17 வாய்ப்பு இருக்கிறது. 24 சதவீதம். தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் இன்மைக் கருதுகோளை மறுக்கலாம் என்று ஃபிஷர் 1925-இல் வசதிக்காக வைத்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நாலும் சரியாக இருந்தால் மட்டும் 1.4 சதவீதம், தாண்டியிருக்கலாம்.

ஆயாவிடம் சொன்னேன். "அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?" என்றார்கள், துண்டை அவிழ்த்தபடி.

அந்த ஒரு கேள்வியில் என் 2 மதிப்பெண் புரிந்துவிட்டது. ஆயாவுக்குத் தெரியாது என்று நான் எங்கே நிரூபித்தேன்? எட்டுக் கிண்ணியை வைத்துக்கொண்டு தெரியும் என்று நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் பூட்டிக் கிடக்கும் அறைகளில் நாலைத் திறந்து பார்த்துவிட்டுக் குத்துவிளக்கு வீட்டிலேயே இல்லை என்று சொன்னால் ஆயா சும்மா விடுவார்களா? 24 சதவீதம் என்பதும் ஆயா சும்மா அடித்துவிட்டதற்கான வாய்ப்பு இல்லை. தெரியாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. தெரியுமா தெரியாதா என்பதற்கு அதில் விடை எப்படி இருக்கும்?

அதற்குள் ஆயா அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். "அந்தக் கிண்ணியில உப்புக் கூடிப்போச்சு, அதை எண்ணாதே." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை வை. சரியா வர்ற வரைக்கும் வைப்போம்." ஆராய்ச்சி உலகத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற இரண்டு தில்லுமுல்லையும் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்! முடிவைப் பார்த்த பிறகு கணக்கிலிருந்து எதையும் தூக்கக் கூடாது, ஜெயிக்கிற வரை ஆடிவிட்டுக் கடைசி ஆட்டத்தை மட்டும் காட்டவும் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தார்கள்.

இருக்கிற திறமையைக் காணாமல் விடுவதற்கு இரண்டாம் வகைப் பிழை என்று பெயர், நெய்மன், ஈகான் பியர்சன் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் வைத்தது. என் சோதனை சின்னது, அதனால் அந்தப் பிழைக்குத் தோதானது. ராத்திரி உட்கார்ந்து 12 கிண்ணிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டில் ஆறைத் தேர்ந்தெடுக்க 924 வழி. ஆறில் ஐந்தோ அதற்கு மேலோ சரியாக வருவது 37 வழி. 4 சதவீதம்! அதாவது ஒரு கிண்ணியைத் தவறவிட்டாலும் ஆயா எல்லையைத் தாண்டிவிடலாம். ஆகவே முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன்: 12 கிண்ணி, ஒரே தடவை, எதையும் விலக்குவதில்லை. சுவர்க் காலண்டரில் எழுதியும் வைத்தாகிவிட்டது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அரைத்ததும் நான், ஊட்டிவிட்டதும் நான். கண்ணைக் கட்டினாலும் காது கட்டவில்லையே. அம்மிக் கிண்ணி வரும்போது என் குரல் மாறியிருந்தால்? எது எது என்று தெரியாத ஆள்தான் ஊட்ட வேண்டும்.

தைப் பொங்கலுக்கு நீ எப்படியும் ஊருக்கு வருகிறாய். நான் இரண்டாங்கட்டில் அரைத்து, நம்பர் போட்டுத் தருகிறேன், நீ வாங்கிக்கொண்டு போய் ஊட்டு. ஒன்பதாம் வகுப்பில் வாய் நிறையப் புளியங்காயை அடக்கிக்கொண்டு டீச்சருக்கு முகம் மாறாமல் பாடம் ஒப்பித்தவள் நீதானே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி