மெல்பர்ன் தோழிக்கு ரொட்டிக் கணக்கு

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள செல்விக்கு,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். இங்கே எல்லாரும் நலம். இவருக்குத்தான் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்கும்படி பலதுறை மருந்தகத்தில் சொல்லியிருக்கிறார்கள். ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ரொட்டி மெஷின் வாங்கிவிட்டாய் என்று தெரிந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் அளவைக் கேட்டிருந்தாய். 400 கிராம் ரொட்டி மாவு, 270 மில்லி தண்ணீர், 6 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கரண்டியை நம்பி மாவு போடாதே, தராசு வைத்துக்கொள். ஆனால் செல்வி, இந்த அளவு தோ பாயோ வீட்டுக்குச் சரியாக வந்த அளவு. இங்கே ராத்திரியில்கூட வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மெஷின் பிசையும்போது உராய்விலேயே மாவு இன்னும் சூடேறும். 26, 27 டிகிரியில் நிற்க வேண்டிய மாவு 30-ஐத் தாண்டினால் ஈஸ்ட் அவசரப்படும். சட்டென்று உப்பி, வேகும் நேரத்தில் நடு உச்சி உள்ளே விழுந்துவிடும். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை அப்படியே ஊற்றுகிறேன். உனக்கு அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் இதற்கு நேர் எதிராக வெதுவெதுப்பான தண்ணீர் தேவைப்படும். இட்லி மாவு இங்கே ஒரே ராத்திரியில் பொங்கி வழிவதும், உன் வீட்டில் மறுநாள் மத்தியானம் வரை அசையாமல் கிடப்பதும் உனக்குத் தெரிந்ததுதானே. அந்த அனுபவம் இருக்கிறவளுக்கு ஈஸ்டைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

மெஷின் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் போனதும் மூடியைத் திறந்து மாவைத் தொட்டுப் பார். பிசையும்போது திறந்தால் ஒன்றும் ஆகாது, வேகும்போதுதான் திறக்கக் கூடாது. மாவு உருண்டையாகத் திரண்டு, விரலில் லேசாக ஒட்டி விட்டுவிட வேண்டும். பாத்திரத்தோடு அப்பிக்கொண்டால் ஒரு கரண்டி மாவு சேர். காய்ந்து தட்தட் என்று முட்டினால் ஒரு கரண்டி தண்ணீர். எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போய்விடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மெஷின் கைவலியைத்தான் மிச்சப்படுத்தும். பதம் பார்ப்பது நம் வேலை.

அந்த மெஷினே ஒருவரின் கையிலிருந்து கற்றுக்கொண்டதுதான். 1985-இல் ஜப்பானில் மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்) நிறுவனத்தார் வீட்டு ரொட்டி மெஷின் செய்யப் பார்த்தபோது, மேல்தோல் கருகியும் உள்ளே வேகாமலும் வந்ததாம். இக்குகோ தனாக்கா என்ற பெண், ஒசாக்கா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பிசையக் கற்றார். அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைக் கவனித்தார். பிறகு பொறியாளர்களோடு ஒரு வருடம் முட்டி மோதி, பாத்திரத்தின் உட்சுவரில் வரம்புகள் வைத்து அந்த முறுக்கலை மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள். உன் பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார், வரம்பு தட்டுப்படலாம். இதைப் படித்ததிலிருந்து அந்தப் பெண்மேல் எனக்குத் தனி மரியாதை.

இப்போது உப்பு. இவருக்காக 3 கிராமாகக் குறைத்தேன். உப்பு ருசிக்கு மட்டும் இல்லை, ஈஸ்டைக் கட்டுப்படுத்துவதும் மாவுக்கு உறுதி கொடுப்பதும் அதுதான். ஆகவே உப்பைக் குறைக்கும்போது ஈஸ்டையும் முக்கால் தேக்கரண்டியாக்கிவிட்டேன். சிராங்கூன் சாலையில் வாங்கும் ஆட்டா மாவைப் பாதிக்குப் பாதி கலந்தும் செய்கிறேன். அதற்குத் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும், ரொட்டியும் அவ்வளவு உயராது. தவிட்டின் கூர்முனைகள் மாவின் இழையை அறுத்துவிடுகின்றன. உயரம் குறைந்தால் என்ன, கோழிக்கறியில் தோய்த்துச் சாப்பிட அதற்கு ஈடே கிடையாது. காயா என்னும் தேங்காய்ப்பால், முட்டை ஜாம் தடவுவதற்கு மட்டும் வெள்ளை ரொட்டிதான்.

ராத்திரி டைமர் வைத்துப் படுப்பதானால் பாலும் முட்டையும் போடாதே. பால் பவுடர் போதும். ஈஸ்டை மாவின்மேல் ஒரு சின்னக் குழி செய்து, தண்ணீர் படாமல் வை. சுட்டதும் உடனே வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு அறு. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதே, வெளியே இருப்பதைவிட அங்கேதான் சீக்கிரம் வறண்டுபோகும். இங்கே ஈரக்காற்றில் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும் என்பதால், நான் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து வாட்டுகிறேன்.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா? வந்தால் தேக்கா சந்தைக்குச் சேர்ந்து போவோம். அதற்குள் ஒருமுறை செய்து, உன் வீட்டில் மாவு உப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அடுப்படியில் அப்போது எத்தனை டிகிரி என்று எழுது. உனக்கான ஈஸ்ட் அளவை அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாலதி